ஸ்விஃப்டுக்கு மட்ஃபிளாப் வீட்டிலேயே மாட்டலாமா? கடையில் ட்ரில்லைப் பார்த்ததும் திரும்பி வந்துவிட்டேன்

செம்மண்_ஸ்விஃப்ட் | காரைக்குடி | ஜூலை 19

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2019 மாருதி ஸ்விஃப்ட் கார், விஎக்ஸ்ஐ வேரியன்ட், வெள்ளை. போன வருடம் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். மெயின் ரோட்டிலிருந்து வீட்டுக்கு ஒன்றரை கிலோமீட்டர் செம்மண் பாதை. ஒரு தூறல் விழுந்தால் போதும், வெள்ளைச் சட்டைக்குக் காவி வேட்டி கட்டிய மாதிரி கதவின் கீழ்ப்பாதி சிவந்துவிடும். பழைய ஓனர் மட்ஃபிளாப் (சேறு தெறிக்காமல் இருக்கச் சக்கரத்துக்குப் பின்னால் தொங்கும் மடல்) மாட்டவே இல்லை.

இன்று கார் ஆக்சஸரீஸ் கடையில் நான்கு ஃபிளாப் உள்ள செட் ஒன்றை 650 ரூபாய்க்கு வாங்கினேன். கம்பெனி ஒரிஜினல் இல்லை, அதே அச்சில் வெளியே செய்தது என்றார்கள். மாட்டுக் கூலி 250. சரி என்று வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற வண்டியில் ஒரு பையன் ட்ரில்லை எடுத்து ஃபெண்டர் (சக்கரத்தைச் சுற்றியுள்ள பாடி) விளிம்புத் தகட்டில் சர்ரென்று இறக்கினான். பெயின்ட் மேல் இரும்புத்தூள் உதிர்ந்தது. அதை வாயால் ஊதிவிட்டு அடுத்த ஓட்டையைப் போட்டான். அவசர வேலை இருக்கிறது என்று சொல்லிப் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பையில் இருப்பவை: நான்கு ஃபிளாப், பன்னிரண்டு ஸ்க்ரூ, ‘ப’ மாதிரி வளைந்த தகடு நான்கு (எதற்கென்று தெரியவில்லை). படம் போட்ட காகிதம் ஏதும் இல்லை. என்னிடம் இருப்பவை: ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், வண்டியோடு வந்த ஜாக்கி, அப்பாவின் பழைய ட்ரில், டார்ச் பிடிக்க அப்பா. இதை வைத்து மாட்ட முடியுமா?

பட்டறைவாசி | மதுரை | ஜூலை 19

ஓடி வந்தது நல்ல காரியம் தம்பி. இருபது வருடம் டிங்கரிங் பட்டறையில் இருந்தவன் சொல்கிறேன். ஃபெண்டர் விளிம்பில் வந்த துருவை வெட்டி, தகடு வைத்து, பட்டி பார்த்துக் கொடுத்த வண்டிகளில் பாதிக்கு ஆரம்பம் இப்படி எவனோ போட்ட மட்ஃபிளாப் ஓட்டைதான்.

காரணம் எளிது. கம்பெனியில் தகட்டை மடித்து, ஓட்டைகளையெல்லாம் போட்டு முடித்த பிறகுதான் முழு பாடியையும் பிரைமர் தொட்டியில் முக்குவார்கள். அதனால் அவர்கள் போட்ட ஓட்டையின் உள்விளிம்பு வரை பூச்சு இருக்கும். நாம் பிறகு போடும் ஓட்டையில் பச்சை இரும்பு தெரியும். அதில் ஸ்க்ரூவைத் திருகினால் மிச்சப் பூச்சும் உரிந்துவிடும். டயர் அள்ளி வீசும் தண்ணீர் நேராக அங்கேதான் போய் விழுகிறது. இரண்டே மழைக்காலம், பெயின்டுக்கு அடியில் துரு ஊர ஆரம்பித்துவிடும். வெளியே கொப்புளம் தெரியும்போது உள்ளே பாதி போயிருக்கும். உதிர்ந்த இரும்புத்தூள் வேறு பெயின்டில் ஒட்டிக்கொண்டு ஆரஞ்சுப் புள்ளியாக நிற்கும்.

உங்கள் வேலைக்குத் தகட்டில் ஓட்டையே தேவைப்படாது. முன்சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து பாருங்கள். உள்ளே கறுப்பு பிளாஸ்டிக் லைனர் இருக்கும். அதன் கீழ் முனையை ஏற்கெனவே ஸ்க்ரூவும் கிளிப்பும் பிடித்துக்கொண்டிருக்கும். உங்கள் மாடலுக்கென்று செய்த ஃபிளாப் என்றால் அதன் ஓட்டைகள் அந்த இடங்களுக்கு நேராக வரும். பழைய ஸ்க்ரூவைக் கழற்றி, ஃபிளாப்பை வைத்து, கொஞ்சம் நீளமான ஸ்க்ரூவை அதே ஓட்டையில் போட வேண்டியதுதான்.

அந்த ‘ப’ தகட்டின் பெயர் ஸ்பிரிங் நட். பிளாஸ்டிக் விளிம்பிலோ தகட்டு விளிம்பிலோ அதைச் செருகினால் ஸ்க்ரூவுக்கு மரை கிடைத்துவிடும். கடைப் பையன்கள் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு ட்ரில்லை எடுப்பார்கள். செருகி நேர் பார்க்க இரண்டு நிமிடம் ஆகுமே, அதற்கு யார் மெனக்கெடுவது?

ஹைவே_குமார் | ஓசூர் | ஜூலை 20

650 ரூபாய்ப் பொருளுக்கு இவ்வளவு பெரிய மாநாடா? என் வண்டிக்குக் கடையில் ஓட்டை போட்டுத்தான் மாட்டினார்கள். ஆறு வருடம் ஆகிறது, ஒன்றும் ஆகவில்லை.

பட்டறைவாசி | மதுரை | ஜூலை 20

ஆகியிருக்காது என்று நான் சொல்லமாட்டேன் சார். ஒரு தடவை ஃபிளாப்பைக் கழற்றிப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

கடலோரம் | நாகப்பட்டினம் | ஜூலை 20

நான் எதிர்க்கட்சி. மட்ஃபிளாப்பே வேண்டாம் என்பேன்.

என் முந்தைய வண்டியில் நான்கு வருடம் ஃபிளாப் இருந்தது. ஓட்டை போடாமல்தான் மாட்டியது. விற்கும் முன் கழற்றிப் பார்த்தால், ஃபிளாப்புக்கும் ஃபெண்டருக்கும் நடுவே கைப்பிடி அளவு மண், அதுவும் ஈரமாக. அது அசைந்து அசைந்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி பெயின்ட் போயிருந்தது. எங்கள் ஊர்க் காற்றிலேயே உப்பு, பிறகு கேட்கவா வேண்டும். இப்போதுள்ள வண்டியில் ஃபிளாப் இல்லை. வாரம் ஒரு முறை ஹோஸ் பைப்பால் அடிக்கிறேன், அவ்வளவுதான்.

செம்மண்_ஸ்விஃப்ட் | காரைக்குடி | ஜூலை 20

குழப்பிவிட்டீர்களே சார். மாட்டினாலும் துரு, மாட்டாவிட்டாலும் துருவா?

பட்டறைவாசி | மதுரை | ஜூலை 20

கடலோரம் சொல்வது நிஜம், ஆனால் பாதிதான். ஃபிளாப் இல்லாத வண்டியில் கதவுக்குக் கீழே ஓடும் விளிம்பைத் தடவிப் பாருங்கள், முன்சக்கரத்துக்கு அடுத்த ஒரு சாண் தூரம். சொரசொரவென்று இருக்கும். டயரின் வரிகளில் சிக்கிய ஜல்லி தெறித்து அடித்த இடம் அது. 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது டயர் பரப்பிலிருந்து விடுபடும் கல், வண்டியைப் பொறுத்தவரை அதே 80 வேகத்தில்தான் புறப்படும். தினமும் அடித்தால் எந்தப் பெயின்ட் தாங்கும்? செம்மண் பாதைக்காரர் ஃபிளாப் மாட்டத்தான் வேண்டும்.

பெயின்ட் தேய்ந்ததற்குக் காரணம் ஃபிளாப் பெயின்டில் ஒட்டியும் ஒட்டாமலும் நின்றது. இதற்கு எங்கள் பட்டறைக் கைவைத்தியம் பழைய சைக்கிள் ட்யூப். எட்டணா அகலத்துக்கு வாஷர் வெட்டி, ஃபிளாப்புக்கும் பாடிக்கும் நடுவே ஒவ்வொரு ஸ்க்ரூவிலும் ஒன்று போடுங்கள். கொஞ்சம் இடைவெளி கிடைத்தால் தண்ணீர் அடிக்கும்போது மண் கீழே வழிந்துவிடும். அந்த இடத்துப் பெயின்டில் முதலிலேயே பெயின்ட் பாதுகாப்பு ஃபிலிம் இரண்டு விரல் அகலத்துக்கு ஒட்டிவிட்டால் இன்னும் நல்லது. ஸ்பாஞ்சு டேப் மட்டும் வேண்டாம், அது தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும்.

பனிமலை | டொரண்டோ | ஜூலை 21

இங்கே குளிர்காலம் முழுக்கச் சாலையில் உப்புக் கொட்டுவார்கள், பனி உருகுவதற்காக. ஆகவே இந்த வழக்கில் நானும் சாட்சி சொல்லலாம். ஸ்கார்பரோவில் பன்னிரண்டு வருடமாக வண்டி வைத்திருக்கிறேன், எல்லாவற்றுக்கும் ஃபிளாப் உண்டு. ஏப்ரலில் நான்கையும் கழற்றிக் கழுவி மாட்டுவது என் வழக்கம். ஒரு வண்டிக்கு அரை மணி நேரம் ஆகும். நாகப்பட்டினத்து அண்ணாச்சி நான்கு வருடம் கழற்றாமல் விட்டதுதான் சிக்கல் என்று நினைக்கிறேன், கோபிக்க வேண்டாம்.

கிட்டில் வரும் ஸ்க்ரூவை நம்பாதீர்கள். மஞ்சளாகப் பளபளப்பது வெறும் முலாம். ஒரு வருடத்தில் துருப்பிடித்து, கழற்றும்போது தலை வழுக்கிவிடும்.

கடலோரம் | நாகப்பட்டினம் | ஜூலை 21

கோபமெல்லாம் இல்லை. கழற்றாதது என் சோம்பேறித்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எத்தனை பேர் கழற்றப் போகிறார்கள்?

செம்மண்_ஸ்விஃப்ட் | காரைக்குடி | ஜூலை 21

நான் கழற்றுவேன் சார், எழுதியே தருகிறேன். ஸ்க்ரூ என்ன அளவில் வாங்க வேண்டும்?

பட்டறைவாசி | மதுரை | ஜூலை 22

ஹார்டுவேர் கடையில் ‘எஸ்எஸ் செல்ஃப் டேப்பிங், பேன் ஹெட், 8 நம்பர்’ என்று கேளுங்கள். எஸ்எஸ் என்றால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். 4.2 மில்லிமீட்டர் கனம். நீளம் 19 போதும், ஃபிளாப் தடிமனாக இருந்தால் 25. 304 கிரேடு என்று சொல்லி வாங்குங்கள். போகும்போது பழைய ஸ்க்ரூ ஒன்றைக் கழற்றிக் கையோடு எடுத்துப் போய் ஒப்பிட்டுப் பாருங்கள். வண்டிக்கு வண்டி மாறும், என் வாய்ச்சொல்லை வைத்து வாங்காதீர்கள். மாட்டும்போது முனையில் துளி கிரீஸ்.

சாரல் | தென்காசி | ஜூலை 22

நான் போன வருடம் என் வண்டிக்கு நானே மாட்டினேன். நான் பட்ட பாட்டைச் சொல்லிவிடுகிறேன்.

முன்பக்க ஃபிளாப்புக்குச் சக்கரத்தைக் கழற்ற வேண்டியதில்லை, ஸ்டீரிங்கைத் திருப்பினாலே கை போகும். எந்தப் பக்கம் திருப்புவது என்பதில்தான் அரை மணி நேரம் வீணடித்தேன். இடது ஃபிளாப் மாட்ட இடது பக்கம் முழுக்கத் திருப்ப வேண்டும். அப்போது டயரின் பின்பகுதி உள்ளே போய், ஃபிளாப் உட்காரும் இடம் திறந்துகொள்ளும். மாட்டி முடித்ததும் வலது பக்கம் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். இப்போது டயரின் பின்பகுதி வெளியே வந்து ஃபிளாப்புக்கு ரொம்பப் பக்கத்தில் நிற்கும், உரசுகிறதா என்பது தெரிந்துவிடும். நடுவில் ஒரு விரல் தாராளமாகப் போக வேண்டும். வலது ஃபிளாப்புக்கு இதைத் தலைகீழாகச் செய்யுங்கள்.

இன்னொன்று. லைனர் கிளிப்பை ஸ்க்ரூடிரைவரால் நெம்பாதீர்கள். அதன் நடுவில் சின்னதாக ஒரு ஊசி இருக்கும். சிலவற்றில் அதை மேலே இழுக்க வேண்டும், சிலவற்றில் உள்ளே அழுத்த வேண்டும். தெரியாமல் நெம்பி நான் இரண்டை உடைத்தேன். நான்கைந்து கிளிப் கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், விலை ஒன்றும் பெரிதில்லை.

அப்புறம், பம்பர் இடுக்கில் ஸ்க்ரூ விழுந்தால் கிடைக்காது. எனக்கு ஒன்று விழுந்து மூன்று மாதம் ஒவ்வொரு வேகத்தடையிலும் கிலுகிலுப்பை ஆட்டியது. என் மகள் அதற்குப் பெயரே வைத்துவிட்டாள்.

செம்மண்_ஸ்விஃப்ட் | காரைக்குடி | ஜூலை 22

நன்றி அக்கா. இடது, வலது விஷயத்தைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டேன். பின்பக்கம் எப்படி? அங்கே ஸ்டீரிங் இல்லையே.

பட்டறைவாசி | மதுரை | ஜூலை 22

பின்பக்கம்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டிய இடம்.

சக்கரம் திரும்பாததால் கை நுழைய இடம் குறைவு. குட்டையான ஸ்க்ரூடிரைவர் இருந்தால் சக்கரத்தைக் கழற்றாமலே முடித்துவிடலாம். இல்லை என்றால் கழற்றுங்கள். அப்படிக் கழற்றுவதாக இருந்தால் செம்மண்ணில் வேண்டாம், சிமென்ட் தரையில் நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக், கியரில் வண்டி, தூக்காத பக்கத்துச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. சக்கர நட்டைத் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்று தளர்த்திவிட்டுத்தான் ஜாக்கி ஏற்ற வேண்டும். கழற்றிய சக்கரத்தை வண்டிக்கு அடியில் படுக்கப் போட்டு வையுங்கள், ஜாக்கி நழுவினாலும் வண்டி அதன் மேல்தான் உட்காரும். செங்கல் அடுக்கி வண்டியைத் தாங்க வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். செங்கல் நொறுங்குவதற்கு முன்னால் சத்தம் கொடுக்காது. எப்படி ஆனாலும் தலையையோ உடம்பையோ அடியில் விடாதீர்கள், இந்த வேலைக்கு அது தேவையே இல்லை.

பின் ஃபிளாப் பெரும்பாலும் பம்பரின் பிளாஸ்டிக் விளிம்பில் உட்காரும். இருக்கும் ஓட்டையில் ஒன்று பொருந்தும், இன்னொன்று பொருந்தாது. வெளிச்சந்தை ஃபிளாப் என்றால் இது சகஜம். அந்த இரண்டாவது ஓட்டையைப் பிளாஸ்டிக்கில் போட்டுக்கொள்ளலாம், பிளாஸ்டிக் துருப்பிடிக்காது. 3 மில்லிமீட்டர் பிட் போதும். பிட்டின் நுனியிலிருந்து 10 மில்லிமீட்டர் விட்டு இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள், டேப் பிளாஸ்டிக்கைத் தொட்டதும் நிறுத்திவிட வேண்டும். ஏன் இவ்வளவு பயம் என்றால், பெட்ரோல் மூடி இருக்கும் பக்கத்தில் சக்கர வளைவுக்குள்ளேதான் பெட்ரோல் இறங்கும் குழாய் போகிறது. பின்னால் சென்சார் இருந்தால் அதன் ஒயரும் பம்பருக்குள் ஓடும். குருட்டுத்தனமாக ட்ரில்லை இறக்கக் கூடாது. கைவிட்டுத் தடவிப் பார்த்த இடத்தில் மட்டும் ஓட்டை.

ஸ்க்ரூவின் தலை டயர் பக்கம், கூர்முனை பம்பருக்குள். திருப்பிப் போட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

வடமராட்சியான் | யாழ்ப்பாணம் | ஜூலை 24

அண்ணைமாருக்கு வணக்கம். இடையில் நுழைந்து ஒரு கேள்வி. என்னுடையது ஜப்பானில் இருந்து வந்த வேகன்ஆர். இந்திய வேகன்ஆருக்கு என்று போட்டு மட்ஃபிளாப் விற்கிறார்கள். அது இதற்குப் பொருந்துமோ?

பட்டறைவாசி | மதுரை | ஜூலை 24

பெயர்தான் ஒன்று. ஜப்பான் வண்டி கேய் எனும் குட்டிக் கார் வகை, 660 சிசி. அந்த வகை வண்டியின் அகலம் 1.48 மீட்டரைத் தாண்டக் கூடாது என்று அங்கே சட்டமே இருக்கிறது. இங்கே 2019-இலிருந்து வரும் வேகன்ஆர் அதைவிட அகலமானது, வளைவும் வேறு. வாங்காதீர்கள். ஜப்பான் மாடலின் சேஸி குறியீட்டைச் சொல்லித் தேடுங்கள்.

ஸ்விஃப்டுக்கும் இதே கதைதான். இங்கே 2018-இல் பாடி மாறியது, 2024-இல் மறுபடி மாறியது. ‘ஸ்விஃப்ட் ஃபிளாப்’ என்று மட்டும் கேட்டு வாங்கினால் ஏமாந்துபோவீர்கள்.

வடமராட்சியான் | யாழ்ப்பாணம் | ஜூலை 24

நல்ல காலம் அண்ணை, காசு கட்ட இருந்தேன். நன்றி.

செம்மண்_ஸ்விஃப்ட் | காரைக்குடி | ஜூலை 26

நாளை ஞாயிறு, வேலை ஆரம்பம். பாக்கெட்டைப் பிரித்தால் ஒரு ஃபிளாப் அப்பளம் மாதிரி வளைந்திருக்கிறது, மடித்து அடைத்திருக்கிறார்கள். இதை மாட்டினால் டயரைத் தொடும்போல் இருக்கிறதே?

சாரல் | தென்காசி | ஜூலை 26

மொட்டைமாடியில் வெயிலில் ஒரு மணி நேரம் சமமாகப் பரப்பி, மேலே எடை வைத்து விடுங்கள். காரைக்குடி வெயிலுக்கு முக்கால் மணி நேரமே அதிகம்! இல்லாவிட்டால் வாளியில் சுடுதண்ணீர் ஊற்றி ஐந்து நிமிடம் முக்கி, கையால் நேராக்கி, பச்சைத் தண்ணீரில் போட்டால் அப்படியே நின்றுவிடும்.

செம்மண்_ஸ்விஃப்ட் | காரைக்குடி | ஜூலை 27

முடிந்தது! விவரமாக எழுதுகிறேன், அடுத்து வருபவர்களுக்கு உதவும்.

காலை ஆறரைக்கு ஆரம்பித்தேன். நேற்றே வண்டியைக் கழுவி, வளைவுகளுக்குள் பிரஷ் போட்டுத் தேய்த்து வைத்தது புத்திசாலித்தனம். இல்லாவிட்டால் ஒவ்வொரு ஸ்க்ரூவைத் தொடும்போதும் முகத்தில் செம்மண் கொட்டியிருக்கும்.

முன் இடதுக்கு ஐம்பது நிமிடம். லைனரின் கீழ் முனையில் இருந்த ஸ்க்ரூ எளிதாக வந்துவிட்டது. மேலே இருந்த கிளிப்பின் ஊசியை இழுக்க வேண்டுமா, அழுத்த வேண்டுமா என்று அப்பாவுக்கும் எனக்கும் சண்டை. அவர் சொன்னதுதான் சரி, இழுக்க வேண்டும். மூன்றாவது ஓட்டைக்கு நேராக வண்டியில் எதுவும் இல்லை, லைனர் விளிம்புதான் இருந்தது. முன் இரண்டிலும் அங்கே ஸ்பிரிங் நட்டைச் செருகினேன், கச்சிதம்.

ஒரு விஷயத்தை யாரும் சொல்லவில்லை, நானே கற்றுக்கொண்டது. முதல் ஸ்க்ரூவை முழுக்க முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் ஓட்டை நேருக்கு வராது. மூன்றையும் பாதி வரை போட்டு, எட்டி நின்று ஃபிளாப் நேராக இருக்கிறதா என்று பார்த்து, பிறகு ஒவ்வொன்றாக இறுக்கினேன். அதுவும் ஃபிளாப் லேசாக அமுங்கும் வரைதான். மொத்த பலத்தையும் காட்டியதில் முன் வலதில் ஒரு ஓட்டை மரை போய் ஸ்க்ரூ சும்மா சுற்ற ஆரம்பித்தது. அங்கேயும் ஒரு ஸ்பிரிங் நட். ஆக மொத்தம் நான்கில் மூன்று காலி.

இந்த அனுபவம் இருந்ததால் முன் வலதுக்கு இருபது நிமிடம்தான். பின்பக்கம் இரண்டுக்கும் சேர்த்து இரண்டு மணி நேரம். சக்கரத்தைக் கழற்றித்தான் செய்தேன், குட்டை ஸ்க்ரூடிரைவர் இல்லை. பட்டறைவாசி சார் சொன்ன மாதிரி ஒரு ஓட்டை பொருந்தியது, ஒன்று பொருந்தவில்லை. டேப் சுற்றி 3 மில்லிமீட்டர் பிட்டால் பிளாஸ்டிக்கில் ஓட்டை போட்டேன். ட்ரில் இறங்கும்போது அப்பா டார்ச்சை விட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

தகட்டில் ஒரு ஓட்டைகூட இல்லை. எல்லா இடத்திலும் ட்யூப் வாஷர், அடியில் ஃபிலிம். ட்யூப் அப்பாவின் பழைய சைக்கிளில் எடுத்தது.

ஹைவே_குமார் | ஓசூர் | ஜூலை 27

250 ரூபாயை மிச்சம் பிடிக்க மூன்று மணி நேரம். கணக்கு சரிதான்.

செம்மண்_ஸ்விஃப்ட் | காரைக்குடி | ஜூலை 27

ஸ்க்ரூ, கிளிப், ஃபிலிம் செலவு 310 ரூபாய். மிச்சம் என்று ஒன்றுமே இல்லை சார், அறுபது ரூபாய் கைநட்டம்.

செம்மண்_ஸ்விஃப்ட் | காரைக்குடி | ஆகஸ்ட் 3

கொஞ்சம் அவசரப்பட்டு ‘முடிந்தது’ என்று எழுதிவிட்டேன். ஒரு வாரம் தனியாக ஓட்டியபோது எந்தத் தொல்லையும் இல்லை. இன்று குடும்பத்தோடு ஐந்து பேர் பிள்ளையார்பட்டிக்குப் போனோம், டிக்கியிலும் சாமான். ஒவ்வொரு வேகத்தடையிலும் பின் வலதில் ‘டர்ர்’ என்று சத்தம். இறங்கிப் பார்த்தால் ஃபிளாப்பின் உள்விளிம்பில் டயர் தேய்த்த பளபளப்பு. இடது பக்கம் ஒன்றுமில்லை. எங்கே தப்பு செய்தேன்?

பனிமலை | டொரண்டோ | ஆகஸ்ட் 3

டயர் அளவு என்ன? பக்கவாட்டில் எழுதியிருப்பதைப் பார்த்து எழுதுங்கள், மேனுவலைப் பார்த்து வேண்டாம்.

செம்மண்_ஸ்விஃப்ட் | காரைக்குடி | ஆகஸ்ட் 3

185/65 ஆர்15 என்று இருக்கிறது. அலாய் வீல். விஎக்ஸ்ஐக்கு 165/80 ஆர்14 தானே வரும்? பழைய ஓனர் மாற்றியிருக்கிறார்போல. இத்தனை நாள் நான் கவனிக்கவே இல்லை.

பட்டறைவாசி | மதுரை | ஆகஸ்ட் 4

பழைய ஓனர் தப்பாக எதுவும் செய்யவில்லை. அது மேல் வேரியன்டில் வரும் அளவுதான். கணக்குப் போட்டால் 165/80 ஆர்14-இன் விட்டம் சுமார் 620 மில்லிமீட்டர், 185/65 ஆர்15-க்கு 621 சொச்சம். உயரத்தில் வித்தியாசமே இல்லை என்று சொல்லலாம். ஆனால் அகலம் 20 மில்லிமீட்டர் கூடுதல், அதில் பாதி உட்பக்கம் வரும். ஃபிளாப் கொஞ்சம் உள்நோக்கிச் சாய்ந்திருந்தால் தொட்டுவிடும்.

ஆள் ஏறினால் மட்டும் ஏன் என்று கேட்பீர்கள். ஸ்விஃப்டின் பின் அச்சு நேராக மேலே ஏறி இறங்காது. முன்னால் இருக்கும் மூட்டுப் புள்ளியை மையமாக வைத்து, கதவுக் கீல் மாதிரி வளைவாக ஏறும். காலி வண்டியில் டயருக்கும் ஃபிளாப்புக்கும் இருந்த இடைவெளி, பாரம் ஏறி வண்டி அமரும்போது அப்படியே இருக்காது. அதனால்தான் ஃபிளாப் மாட்டினால் பின் சீட்டில் மூன்று பேரை உட்கார வைத்து, வேகத்தடையில் ஏற்றிப் பார்க்க வேண்டும் என்பது. இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், விட்டுவிட்டேன்.

இடதும் வலதும் ஒரே மாதிரி உட்கார்ந்திருக்கிறதா என்று அளந்து பாருங்கள். ஓட்டை போட்டது நீங்கள், இரண்டு மூன்று மில்லிமீட்டர் விலகியிருக்கும்.

செம்மண்_ஸ்விஃப்ட் | காரைக்குடி | ஆகஸ்ட் 5

அளந்தேன். ஸ்கேலை வளைவுக்குள் வைத்துப் பார்த்தால் வலது ஃபிளாப் இடதைவிட 7 மில்லிமீட்டர் உள்ளே. இரண்டு மூன்று என்று சொன்னது மரியாதைக்கு என்று புரிகிறது. என்ன செய்யட்டும்? மறுபடி ஓட்டை போடலாமா?

பட்டறைவாசி | மதுரை | ஆகஸ்ட் 5

பழைய ஓட்டைக்குப் பக்கத்திலேயே இன்னொன்று போட்டால் இரண்டும் சேர்ந்து கிழிந்துவிடும். வண்டியைத் தொடாதீர்கள், ஃபிளாப்பைத் தொடுங்கள். ஃபிளாப்பில் இருக்கும் ஓட்டையை உருட்டு அரத்தால் பக்கவாட்டில் நீளமாக்கினால் அதை வெளியே தள்ளி வைக்கலாம், மேலே அகலமான வாஷர் போட்டு மூடிவிடுங்கள். அதிலும் பத்தவில்லை என்றால் பளபளப்பு தெரிந்த உள்விளிம்பை பிளேடால் ஒரு செ.மீ. சீவுங்கள். கீழே இருந்து யார் பார்க்கப் போகிறார்கள்.

செம்மண்_ஸ்விஃப்ட் | காரைக்குடி | ஆகஸ்ட் 10

அரத்தால் தேய்த்ததிலேயே சரியாகிவிட்டது, சீவ வேண்டியிருக்கவில்லை. பின் சீட்டில் அப்பா, பக்கத்து வீட்டு இரண்டு பையன்கள். தெருமுனை வேகத்தடையில் ஆறு தடவை ஏறி இறங்கினோம். சத்தம் இல்லை. பையன்களுக்கு ஐஸ்கிரீம் செலவு தனி.

கடலோரம் | நாகப்பட்டினம் | ஆகஸ்ட் 11

இதையும் சொல்லிவிடுகிறேன், எதிர்க்கட்சியாக இருந்தாலும். ஃபிளாப் எவ்வளவு நீளமாகத் தொங்குகிறது என்று பாருங்கள். என் தம்பி லாரிக்குப் போடுவது மாதிரி அகலமான ரப்பர் ஷீட்டை வெட்டி மாட்டினான். பார்க்க ராலி வண்டி மாதிரி கம்பீரமாக இருந்தது. கல்யாண மண்டபத்தில் ரிவர்ஸ் எடுத்து நடைபாதை விளிம்பில் டயர் ஏறியபோது, ஃபிளாப் டயருக்கும் கல்லுக்கும் நடுவில் மாட்டி இழுத்துக்கொண்டது. ஃபிளாப் கிழியவில்லை, பம்பர் கழன்று வந்துவிட்டது.

சாரல் | தென்காசி | ஆகஸ்ட் 11

ஐயோ. தரையிலிருந்து ஒரு சாண் இடைவெளி விட்டுவிட்டால் இந்தத் தொல்லை ரொம்பக் குறையும். அச்சில் வார்த்த ஃபிளாப் பெரும்பாலும் அந்த உயரத்தில்தான் முடியும்.

ஹைவே_குமார் | ஓசூர் | செப்டம்பர் 14

பட்டறைவாசி சாருக்கு. வாட்டர் வாஷ் விட்டபோது சும்மா ஒரு ஃபிளாப்பைக் கழற்றச் சொன்னேன். மூன்று ஓட்டையில் இரண்டு சுத்தமாக இருக்கிறது. மூன்றாவதைச் சுற்றிக் கறுப்பாக, நகத்தால் கீறினால் பொரி மாதிரி உதிர்கிறது. இப்போதே ஏதாவது செய்ய முடியுமா?

பட்டறைவாசி | மதுரை | செப்டம்பர் 14

முடியும் சார், உதிர்கிற நிலைமையில் பார்த்தது நல்லது. 120 நம்பர் உப்புத்தாளால் பளபளவென்று இரும்பு தெரியும் வரை தேயுங்கள். துரு நீக்கும் திரவம் தடவி, துடைத்து, காய்ந்ததும் துத்தநாகப் பிரைமர் இரண்டு கோட், மேலே டச்-அப் பெயின்ட். ஓட்டையின் உள்விளிம்பில் குச்சியில் பஞ்சு சுற்றித் தடவ வேண்டும், அதை விட்டால் மறுபடி அங்கேதான் ஆரம்பிக்கும். ஒரு நாள் காய விட்டு, உள்ளே தகட்டின் பின்பக்கம் மெழுகு ஸ்ப்ரே அடித்துவிடுங்கள். மற்ற மூன்று ஃபிளாப்களையும் கழற்றிப் பார்த்துவிடுவது உத்தமம்.

ஹைவே_குமார் | ஓசூர் | செப்டம்பர் 15

பார்க்கிறேன். மாநாடு என்று கிண்டல் செய்ததை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

செம்மண்_ஸ்விஃப்ட் | காரைக்குடி | நவம்பர் 23

வடகிழக்குப் பருவமழை பாதி தாண்டியாயிற்று, அதனால் ஒரு தகவல்.

முன்கதவு இப்போது முக்கால்வாசி வெள்ளையாகவே இருக்கிறது. பின்கதவின் கீழே இன்னும் சிவப்பு வருகிறது, ஆனால் முன்பு கண்ணாடி வரை தெறித்தது, இப்போது கைப்பிடிக்குக் கீழேயே நின்றுவிடுகிறது. வண்டியின் பின்புறம், டிக்கிக் கதவில் ஒரு மாற்றமும் இல்லை. அங்கே வரும் சேறு காற்றுச் சுழலில் ஏறி வருவதாம், அதற்கு ஃபிளாப்பால் ஒன்றும் செய்ய முடியாது என்று தெரிந்துகொண்டேன்.

எழுதிக் கொடுத்த மாதிரி நேற்று நான்கையும் கழற்றிக் கழுவினேன், நாற்பது நிமிடம். முன் இரண்டிலும் வாஷர் இடைவெளியில் மண் ஏதும் தங்கவில்லை. பின் இடதில் மட்டும் ஒரு எலுமிச்சம்பழ அளவு சேறு, ஃபிளாப் மேல்மடிப்பில். அந்த மடிப்பில் வழிய ஓட்டை இல்லை. 6 மில்லிமீட்டரில் ஒன்று போட்டுவிட்டேன், ஃபிளாப்பில்தான், பயப்படாதீர்கள். ஸ்க்ரூக்களில் துரு இல்லை.

அப்பாவின் டிவிஎஸ் எக்ஸ்எல் முன்சக்கரத்துக்கும் ஒன்று வேண்டுமாம், மழையில் அவர் கால் நனைகிறது. சைக்கிள் ட்யூப் இன்னும் மிச்சம் இருக்கிறது. அதன் மட்கார்டில் ஏற்கெனவே ஓட்டை இருக்குமா, யாருக்காவது தெரியுமா?

பட்டறைவாசி | மதுரை | நவம்பர் 23

தொட்டுத் தடவிப் பாருங்கள் தம்பி. இல்லை என்றால் என்னிடம் கேட்காமல் ட்ரில்லை எடுக்கக் கூடாது.